கடல் மின்சாரம் வரும் வரை

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் ஊரில் மின்சாரம் நின்றது. ஏழு இருபத்தொன்றுக்கு வந்துவிட்டது. மொத்தம் பதினோரு நிமிடம். வெள்ளிக்கிழமைத் தபாலில் மின் நிறுவனத்திடமிருந்து மன்னிப்புக் கடிதம் வந்தது.

கடிதத்தோடு இரண்டு பக்கப் படிவம் ஒன்றும் இருந்தது. தடையின்போது வீட்டில் எத்தனை பேர் இருந்தோம், அவர்களில் முதியவரோ கைக்குழந்தையோ உண்டா, எங்களுக்கு ஏற்பட்ட சிரமம் சிறிதா, நடுத்தரமா, பெரிதா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனிடம் பதினோரு நிமிடத் தடையின் சிரமத்தை எழுதச் சொன்னால் எப்படி? அங்கே பதினோரு நிமிடம் என்பது, கரண்ட் நம் வீட்டில் மட்டும் போயிருக்கிறதா, எதிர்வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, எதிர்வீட்டிலும் இல்லை என்று தெரிந்து, மனம் நிம்மதி அடைய ஆகும் நேரம். "சிறிது" என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

என் மகள் சுஜா தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். இங்கே பிறந்தவள், பதினான்கு வயது. எங்களிடம் மட்டும், அதுவும் ஏதாவது வேண்டியிருந்தால் மட்டும், தமிழில் பேசுவாள்.

"அப்பா, என் முடி பாதிதான் காஞ்சிருந்தது. ஸ்கூல்ல எல்லாரும் பாத்தா. அது ஸ்மாலா?"

"பதினோரு நிமிஷம்தானேம்மா."

"நீ எல்லாத்துக்கும் ஸ்மால்லதான் டிக் பண்ணுவே. நமக்காக நீ கம்ப்ளெய்ன்ட்டே பண்ண மாட்டே."

வந்த புதிதில் ஒருமுறை கம்ப்ளெய்ன்ட் செய்திருக்கிறேன். தொலைபேசியில் அழைத்து, கரண்ட் போய்விட்டது என்று நம் ஊர் ஆங்கிலத்தில் சொன்னேன். எதிர்முனைப் பெண் சற்று யோசித்து, எங்கே போயிருக்கிறது என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். அதன் பிறகு அந்த எண்ணைச் சுழற்றவில்லை.

ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையில் உள்ள இந்தச் சிற்றூருக்கு நான் குடிவந்து இந்த நவம்பரோடு பதினைந்து ஆண்டுகள் நிறைகின்றன. குளிரைப் பற்றியும் குடிமைப் பண்பைப் பற்றியும் நாலு பக்கம் எழுதி ஊருக்கு அனுப்புவதாக இருந்தேன். ஆனால் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது வேறு. மூன்றரை வருடத்துக்கு முன்னால், நம் ஊர் மெட்ராஸாகவே இருந்த கடைசிக் கோடைக்கு முந்தைய கோடையில், மின்வெட்டுக்கு எதிராக நடந்த ஒரு கூட்டமும் அதில் நான் எழுதிய ஒரு சொல்லும். என் டைரிகளைப் புரட்டி, நேரங்களைச் சரிபார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

2

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது பெரிய வேலை என்று மந்தைவெளியில் பரவியிருந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

நான் இந்த ஊர்த் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். கரையிலிருந்து தள்ளி ஒரு மஞ்சள் மிதவையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அலை எவ்வளவு உயரம் எழுகிறது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை வருகிறது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் அது செய்தி அனுப்பும். நான் பதிவேட்டில் ஏற்றுவேன். அலையிலிருந்து மின்சாரம் எடுக்க முயலும் பல்கலைக்கழகக்காரர்கள் அவ்வப்போது வந்து அந்தப் பதிவேட்டைப் படியெடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுப்பேன். போகும்போது விட்டுச் செல்லும் பழைய சஞ்சிகைகளை வரி விடாமல் படிப்பேன். கடல் மின்சாரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

என் அக்கா ஜெயா இதை ஊரில் இப்படிச் சொல்லியிருந்தாள்: "எங்க ராஜு கடல்லேர்ந்து கரண்ட் எடுக்கறான்."

1995 மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில், பத்து நாள் விடுப்பில் போய் இறங்கினேன். அக்கா வீடு மந்தைவெளியில், கடற்கரைக்குப் பதினைந்து நிமிட நடையில், பதினாறு வீடுகள் கொண்ட நாலு தளக் கட்டடத்தில் முதல் மாடி முன்பக்கம். பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவுவதற்குள் கரண்ட் போயிற்று. குழாயில் நீரும் நின்றது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தால் கூடத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராமசேஷன் உட்கார்ந்திருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு கோப்பு இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது.

"வாங்கோ சயின்டிஸ்ட் சார். ஞாயித்துக்கிழமை ஜெனரல் பாடி மீட்டிங். ஜெனரேட்டர் மேட்டர். நீங்க கரண்ட்டைப் பத்தி ஒரு அரை மணி பேசணும்."

"நான் சயின்டிஸ்ட் இல்லை சார். ரிஜிஸ்டர் எழுதறவன்."

"பாத்தேளா அடக்கத்தை," என்றார் அக்காவிடம்.

3

கூட்டம் நான்கு மணிக்கு என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரை முதல் ஆறு வரை. நான்கு மணிக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். நாலு இருபதுக்குப் பதினொரு பேர். நாலு இருபத்தெட்டுக்கு ராமசேஷன் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து நின்று, "மீட்டிங் ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் ஆத்துக்குப் போய் டிபன் சாப்ட்டுட்டு ஆறு மணிக்கு வாங்கோ," என்றார். ஆரம்பம் நல்ல நேரத்தில் நடந்துவிட்டதால் கூட்டம் எப்போது நடந்தாலும் பாதகம் இல்லை.

வழக்கமாக நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பொருளாளர் திருப்பதிக்குப் போயிருந்தார். என் கையெழுத்தைப் பார்த்திருந்த ராமசேஷன் மினிட்ஸ் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "கூட்டம் 4.28க்கு ஆரம்பம்" என்று எழுதினேன். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு தீர்மானத்தின் முடிவிலும் ஒரே வாக்கியம்: "ஏகமனதாக நிறைவேறியது." தண்ணீர்த் தொட்டி கழுவுவதிலிருந்து, மொட்டை மாடியில் வடாம் காயப்போட முறை வைப்பது வரை, எல்லாம் ஏகமனது.

"சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு எதிர்ப்புக் கிடையாது," என்றார் ராமசேஷன் பெருமையாக. ஒரே ஒருமுறை மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் முரண்டு பிடித்தாராம். ஓட்டெடுப்புக்குச் சற்று முன்னால் தொட்டி வழிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி அவரை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இறங்கி வருவதற்குள் ஏகமனதாகிவிட்டது.

ஆறு மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்தன. வீட்டுக்கு ஒருவர், பதினாறு பேர். கரண்ட் இல்லை; விசிறி மட்டைகள் ஆடின. அக்கா வீட்டில் வேலை செய்யும் எல்லம்மா காபித் தம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் குடும்பம் பட்டினப்பாக்கம் கடற்கரைக் குப்பத்தில். கணவர் கட்டுமரத்தில் போகிறவர். கடைசி வரிசை ஓரத்தில் தரைத்தளப் பின்வீட்டு சாவித்திரி டீச்சர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். காலையிலும் மாலையிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு டியூஷன். அதில்தான் அவர் ஜீவனம்.

நான் பேசினேன். அடக்கமாகத்தான் ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் அடக்கம் போய்விட்டது. படித்ததையெல்லாம் கேட்க ஆள் கிடைப்பது வாழ்க்கையில் எத்தனை தடவை?

நாம் எரிக்கும் விளக்குக்கு நிலக்கரி வடக்கே எரிகிறது என்றேன். சாம்பல் அந்தப் பக்கத்தில் கொடியில் காயும் துணியில் விழுகிறது. நமக்கு வெளிச்சம் மட்டும் வந்து சேர்கிறது. புகையோ எந்தப் பக்கமும் நிற்காமல் வானத்தில் போய்ப் போர்வையாகத் தங்கி பூமியையே சூடாக்குகிறது. சூடேறினால் கடல் மட்டம் உயரும். கடலோரத்தில் இருப்பது நாம்.

"கடல் மந்தைவெளிக்கு வந்துட்டா நம்ம ஃபிளாட் ஸீ ஃபேஸிங் ஆயிடுமோன்னோ?" என்று இரண்டாம் மாடி வங்கி அதிகாரி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கேள்வியில் பாதி நிஜம்.

காற்றும் வெயிலும் வேண்டும்தான், ஆனால் நாம் ஸ்விட்சைத் தட்டுகிற மாலை ஆறரைக்குச் சூரியன் வேலை முடிந்து போய்விடுகிறது. கடலுக்கு அந்த வழக்கம் இல்லை என்றேன். நீர், காற்றைப் போல எண்ணூறு மடங்கு கனம். மெல்ல அசைந்தாலும் பெரிய சக்கரத்தைத் திருப்பும். ஏற்ற இறக்கம் மிகுந்த கரைகளில் அந்த நீரோட்டத்தை வைத்தே மின்சாரம் எடுக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியைப் பஞ்சாங்கத்தில் முன்கூட்டிப் போடுவது போல அந்த மின்சாரம் வரும் நேரத்தையும் போட்டுவிடலாம். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான், அது போதாது என்பதையும் மறைக்கவில்லை. நமக்கு அலை இருக்கிறது. அதைவிட, வங்கக் கடலின் மேல்நீர் வருஷம் முழுக்க வெதுவெதுப்பு. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீர் சில்லென்று இருக்கிறது. அந்தச் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் இரவு பகலாக ஓர் இயந்திரத்தை ஓட்ட முடியும். செலவு அதிகம், உப்பு இரும்பைத் தின்னும், குழாய் நீளம். கஷ்டம்தான். ஆனால் கஷ்டம் என்று இன்றைக்குத் தொடங்காமல் இருந்தால் என்றைக்கும் கஷ்டமாகவே இருக்கும் என்றேன்.

அப்போது எல்லம்மா கேட்டாள்.

"சார், மாசி பங்குனில கடலு கொளம் மாரி கெடக்கும். ஐப்பசி கார்த்திகைல மரத்தையே தூக்கிப் போட்டுடும். உன் மிசினு இத்த ரெண்டையும் தாங்குமா?"

அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. பல்கலைக்கழகக்காரர்களும் என் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டே இதைத்தான் பேசுவார்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"எல்லம்மா, காபி ஆறிண்டிருக்கு," என்றார் ராமசேஷன்.

4

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் கோப்பைத் திறந்தார். இரண்டு தீர்மானங்கள், ஏற்கனவே தட்டச்சு செய்யப்பட்டவை.

முதலாவது: கடலிலிருந்து மின்சாரம் எடுக்க அரசு உடனடியாக ஆவன செய்ய வேண்டும் என்று இச்சங்கம் வலியுறுத்துகிறது. பதினாறு கைகளும் உயர்ந்தன. டீச்சர் கைதான் முதலில் உயர்ந்தது என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது.

இரண்டாவது: கடல் மின்சாரம் வரும் வரை தற்காலிக ஏற்பாடாக, கட்டடத்தின் பின்புறம் காலியாக உள்ள இடத்தில் டீசல் ஜெனரேட்டர் ஒன்று நிறுவப்படும்.

நான் பேசியது இரண்டாம் தீர்மானத்துக்கு முன்னுரையாகப் போய்விட்டது. புகையை எதிர்த்து முப்பத்தைந்து நிமிடம் பேசி, ஒரு புகைபோக்கிக்கு அடிக்கல் நாட்டியிருந்தேன்.

"ஆதரிக்கறவா கை தூக்குங்கோ."

பின்புறம் காலி இடம் என்பது சாவித்திரி டீச்சரின் ஒரே பெரிய ஜன்னலுக்கு நேர் வெளியே. டீச்சருக்கு இழுப்பு உண்டு. இது பதினாறு வீட்டுக்கும் தெரியும். அவர் கைகள் மடியில் இருந்தன. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றைக்கு எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனால் பார்த்தேன்.

"ஏகமனதா நிறைவேறித்து. எழுதிக்கோங்கோ சார்."

எழுதினேன். அலை உயரத்தைத் தசம புள்ளி வரை பதிகிறவன். முந்தைய பக்கங்களில் எப்படி இருந்ததோ அப்படியே, அழகான கையெழுத்தில், "ஏகமனதாக நிறைவேறியது."

5

கையெழுத்துக்காக மினிட்ஸ் புத்தகம் வீடு வீடாகப் போகும். மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சரே மாடியேறி வந்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு நிதானப்பட்ட பிறகு கேட்டார்.

"ராஜு, நேத்திக்கு எத்தனை பேர் வந்திருந்தோம்?"

"பதினாறு, டீச்சர்."

"ரெண்டாவதுக்கு எத்தனை கை?"

நான் மேஜையைப் பார்த்தேன்.

"நான் எண்ணினேன். எனக்கு வேற வேலை தெரியாதே. பதினஞ்சு. நீ ஏகமனதுன்னு எழுதியிருக்கே. அப்ப அந்தப் பதினாறாவது கை யாரோடது? உன்னுதா?"

"வழக்கமா அப்படித்தான் எழுதறதுன்னு..."

"அங்க உன் ஆபீஸ்ல அலையையும் வழக்கமா எழுதிடுவியோ?"

சமையலறையில் அக்கா ஏதோ பாத்திரத்தை ஓசை வராமல் வைத்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றேன். கோழைகள் எப்போதும் கேட்கும் கேள்வி.

"எதிர்க்கறவா உண்டான்னு அவர் கேக்கலையே. ஆதரிக்கறவா கை தூக்குன்னார். நான் தூக்கலை. எழுதறவன் கண்ணைத் திறந்துண்டுதானே எழுதறான், அது போதும்னு இருந்துட்டேன்." மறுபடி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "புகை வந்தா ஜன்னலைச் சாத்தணும். சாத்தினா குழந்தைகள் உள்ள வேகும். திறந்து வெச்சா என்னால பத்து நிமிஷம் சேர்ந்தாப்பல பேச முடியாது. பேச முடியாத டீச்சர்கிட்ட யாருப்பா கணக்குக் கத்துக்க வருவா?"

புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

6

ராமசேஷனிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஜெனரேட்டரைவிடப் புத்தகத்தைப் பற்றித்தான் கவலை வந்தது.

"மினிட்ஸ்ல அடிச்சு எழுதறதா? எதிர்ப்பு ஒண்ணுன்னு போட்டா மறுபடியும் மீட்டிங் கூட்டணும். ரூல் இருக்கு. பன்னண்டு வருஷமா ஏகமனது சார்!"

"அவங்க கை தூக்கலை சார். நான் எழுதினது பொய்."

"சரி, எழுதிடுங்கோ. மிஷினை எங்க வைக்கறது? பின்னால விட்டா இருக்கற ஒரே இடம் போர்டிகோ பக்கம். உங்க அக்கா பெட்ரூம் ஜன்னலுக்குக் கீழ. வெச்சுடலாமா?"

புத்தகத்தைத் திருத்தாமலே எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வியாழக்கிழமை எனக்கு விமானம். இடையில் இருந்தது செவ்வாயும் புதனும். ஒருவர் ஜன்னல் புகையை இன்னொருவர் ஜன்னலுக்கு மாற்றுவதில் நியாயம் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேள்வி ஆழமானது போல இருந்தது. புத்தகத்தைத் திருத்தாமல் இருக்க அது வசதியான கேள்வி என்பதும் தெரிந்துதான் இருந்தது.

செவ்வாய் காலை கூடத்தைத் துடைத்துக்கொண்டே எல்லம்மா பேச்சைத் தொடங்கினாள்.

"சார், நீ சொன்ன மிசினு வந்தா கடல்லேந்து கம்பி கரைக்கு வரணும்ல. எங்க வழியா வரும்?"

"உங்க குப்பத்துப் பக்கமாத்தான் வரும், எல்லம்மா."

"சுவிட்சு ரூமு, ஆபீசு, முள்ளுவேலி எல்லாம் எங்காண்டதான் போடுவாங்க. வலை காயப்போடற எடமெல்லாம் காலி எடம்னு எயுதிக்கினு பூடுவாங்க. எங்கூட்டுக்கு லைட்டு எரியுமா?"

"எரியணும்."

"எரியணும்னா? எயுதிக் குடுப்பியா?" அவள் சிரித்தாள். "அந்தக் கணக்கு டீச்சரு என் பொண்ணுக்குக் காசு வாங்காம சொல்லித்தராங்க சார். புகை வச்சுக் கொன்னுடாதீங்க."

"காலி இடம்" என்ற சொல்லை என் கையால் எழுதியிருந்தேன். மிதவை ஆடும் கடலைக்கூட எங்கள் பல்கலைக்கழகக்காரர்கள் வரைபடத்தில் காலியாகத்தான் காட்டுவார்கள்.

பேனாவை எடுத்தேன். "ஏகமனதாக" என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே எழுதினேன்: "ஆதரவு பதினைந்து. எதிர்ப்பு ஒன்று." ஓரத்தில் கையெழுத்தும் நேரமும், காலை 10.05.

சாப்பாட்டின்போது அக்காவிடம் சொன்னேன்.

"திருத்தினது சரி," என்றாள். சாம்பாரை ஊற்றினாள். "உனக்கென்ன, வியாழக்கிழமை ஃப்ளைட் ஏறிடுவே. போர்டிகோவுக்கு மேல படுத்துக்கறது யாரு? நானா, ஸ்காட்லாந்து மகாராணியா?"

"நான் உன் ஜன்னலைக் கொடுக்கலையேக்கா. பொய்யை மட்டும்தான் அடிச்சேன்."

"ரொம்பப் பெரிய வித்தியாசம்," என்றாள். "அப்பளம் வேணுமா?"

7

புதன்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு மறு கூட்டம். எதிர்ப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, போன தடவை வராத குடும்பத்தினரும் வந்திருந்தார்கள். ராமசேஷன் திருத்திய பக்கத்தைத் துக்கச் செய்தி வாசிப்பது போல வாசித்தார்.

"ஜெனரேட்டரே வேணாம்னு விட்டுடலாமே," என்று டீச்சர் எழுந்து சொன்னார். இம்முறை யாரும் கேட்காமலே.

"மூணாவது மாடில எங்க மாமனார். லிஃப்ட் நின்னா டாக்டர்கிட்ட எப்படிக் கூட்டிண்டு போறது?" என்றார் ஒரு பெண்மணி. அதுவும் நியாயம். மோட்டார் ஓடாவிட்டால் யாருக்கும் தண்ணீர் இல்லை. அதுவும் நியாயம். கடல் மின்சாரம் எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குத்தான் தீர்மானம் போட்டாயிற்றே.

"அப்ப எங்க?" என்றார் ராமசேஷன். பதினான்கு வீட்டாரின் பார்வை அக்கா மேல். அவள் பார்வை என் மேல். நான் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருடா," என்றாள். பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"எங்க பக்கம் வைங்கோ. ஒரு கண்டிஷன். சாவி என்கிட்ட இருக்கும். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும்தான் போடுவேன். எவாத்துக் கிரைண்டருக்கும், எவாத்து டிவி சீரியலுக்கும் கிடையாது."

"ஏசி?" என்றார் இரண்டாம் மாடி வங்கி அதிகாரி.

"உங்க ஏசிக்கு என் மூக்கா? வேணும்னா மிஷினை உங்க பால்கனில தூக்கி வெச்சுக்கோங்கோ, சாவியை இப்பவே தந்துடறேன்."

வங்கி அதிகாரி உட்கார்ந்தார்.

"ஆதரிக்கறவா கை தூக்குங்கோ," என்றார் ராமசேஷன். பிறகு, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எதிர்க்கறவா யாராவது உண்டா?" என்றும் கேட்டார்.

இருமுறை எண்ணினேன். பதினாறு. டீச்சர் கை உயர்ந்திருந்தது; ஆனால் அவர் அக்காவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆதரவு பதினாறு. எதிர்ப்பு இல்லை," என்று எழுதினேன். ஏகமனது என்று எழுதவில்லை. அந்தப் பதினாறில் ஒரு கைக்குத்தான் புகை.

மறுநாள் விமானம் ஏறினேன்.

8

முதல் தீர்மானத்துக்கு அரசிடமிருந்து பதில் பதினான்கு மாதம் கழித்து வந்ததாம். தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. எந்தத் துறை என்று கடிதத்தில் இல்லை. ராமசேஷன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

ஜெனரேட்டர் விஷயத்தில் நான் சற்றும் எதிர்பாராதது நடந்தது. டீச்சர் ஜன்னலடியில் இருந்திருந்தால் அது பொழுதுக்கும் ஓடியிருக்கும், யாருக்கும் கேட்டிருக்காது. அக்காவிடம் சாவி வாங்கப் போனவர்களுக்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறாள். "வா, அஞ்சு நிமிஷம் என் ரூம்ல நின்னு மூச்சு விட்டுட்டு, அப்பறமும் வேணும்னு தோணித்துன்னா கேளு." பாதிப் பேர் கேட்பதில்லையாம். ஓடும் நேரம் நாளுக்கு அரை மணிக்குள் வந்துவிட்டது. டீச்சர் வீட்டில் பிள்ளைகள் சூத்திரம் ஒப்பிக்கும் சத்தம் மாடி வரை கேட்கிறது என்று எழுதினாள்.

எனக்கு இதில் ஓர் உண்மை புரிந்தது. தன் மூக்குக்குப் போகிற புகையை மனிதன் தானே குறைத்துக்கொள்கிறான். ஆனால் ஒவ்வொரு நகரத்தின் புகைபோக்கிக்குக் கீழும் சாவியோடு ஒரு ஜெயா அக்காவை உட்கார வைக்க முடியாது. நிலக்கரி எரிகிற இடத்தில் இருப்பவர்களிடம் சாவி இல்லை. ஆகவே புகையே இல்லாத வழி வேண்டும். கடல் அதில் ஒன்று, நம் கரைக்கு முக்கியமான ஒன்று. எல்லம்மா வீட்டுக்கு விளக்கு எரியும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்க வேண்டிய ஒன்று. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன். சயின்டிஸ்டாக இல்லை, ரிஜிஸ்டர் எழுதுகிறவனாக.

மன்னிப்புக் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை மாலை அக்காவுக்குத் தொலைபேசினேன். பதினோரு நிமிடத் தடையையும் படிவத்தையும் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு நடுவில் இருமலாக மாறியது. நிற்க வெகுநேரம் ஆயிற்று. சர்வதேச அழைப்பில் ஒருவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் மிக நீளம்.

"எப்பலேர்ந்துக்கா இது?"

"மழைக்காலம். வேற ஒண்ணுமில்ல."

"டாக்டர்கிட்ட..."

"போனேன். ஜன்னலைச் சாத்திண்டு படுக்கச் சொன்னார். சாத்திண்டா வேகறது." மறுபடி இரண்டு இருமல். பிறகு, கிண்டலே இல்லாத குரலில் கேட்டாள்: "டேய் ராஜு, அன்னிக்கு அவ்வளவு பேசினியே. அந்தக் கடல் கரண்ட் எப்படா வரும்? சும்மா வரும் வரும்னு சொல்லாதே. ஒரு தேதி சொல்லு."

இந்த ஊருக்கு வந்த நாள் முதல் இன்று வரை ஒவ்வொரு நாளின் அலையையும் என்னால் சொல்ல முடியும். அலமாரியில் பதினைந்து டைரிகள் இருக்கின்றன. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் காத்திருந்தாள்.